குதிரை மசால்

உழவுக்கு மாடு உறுதுணை. மாட்டுக்குத் தீவனமே உயிர்நிலை. கறவைப் பசு நாள்தோறும் தரும் பாலின் அளவும் வளமும் அது உண்ணும் தீவனத்தைப் பொறுத்தே அமையும். வைக்கோல் வயிற்றை நிரப்பும். ஆயினும், பால் சுரப்பதற்கு வேண்டிய புரதம் அதில் மிகக் குறைவு. அக்குறையை நிறைவு செய்யும் பசுந்தீவனப் பயிர்கள் பல. அவற்றுள் தலைசிறந்தது குதிரை மசால். தீவனப் பயிர்களின் அரசி என்று வேளாண்மை அறிஞர் இதனைப் புகழ்வர்.

இத்தகைய சிறந்த பயிரும், அறுக்கும் காலம் தவறினால், வைக்கோலை ஒத்த வெறுந்தண்டாகிவிடும். நிலம் ஒன்றே, விதை ஒன்றே, நீரும் எருவும் ஒன்றே. எனினும் இரண்டு வாரத் தாமதம் தீவனத்தின் தரத்தை முற்றிலும் மாற்றிவிடுகிறது. இது நிகழ்வது எவ்வாறு? இதனைத் தடுக்க அறிஞரும் உழவரும் செய்த முயற்சிகள் யாவை? இவற்றை அறிவது பயனுடையது.

பெயரும் பழமையும்

குதிரை மசாலின் தாயகம் பாரசீகமும் அதனைச் சூழ்ந்த நாடுகளுமாகும். அங்கிருந்து இது கிரேக்க நாட்டை அடைந்தது. மீடியா நாட்டிலிருந்து வந்த செடியாதலின் கிரேக்கர் இதற்கு அந்நாட்டின் பெயரையே சூட்டினர். இன்று தாவர நூலார் வழங்கும் 'மெடிக்காகோ' என்னும் பெயர் அதன் வழி வந்ததே. அராபியர் இதனை 'அல் ஃபஸ்ஃபஸா' என்றனர். அது ஸ்பெயின் நாட்டில் 'அல்ஃபால்ஃபா' எனத் திரிந்து, அமெரிக்கா முழுவதும் பரவியது. அராபியச் சொல்லுக்கு மூலமாகிய பழம் பாரசீகச் சொல்லுக்குக் 'குதிரைத் தீனி' என்பது பொருள் என்று மொழியறிஞர் கூறுவர். தமிழில் வழங்கும் பெயரிலும் குதிரை இடம் பெற்றிருப்பது எண்ணி மகிழத்தக்கது. இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் 'லூசர்ன்' என்பதே வழக்கு.

கி. பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய அறிஞர் பிளினி, இப்பயிர் பூக்கத் தொடங்கும்போதே அறுக்கப்பட வேண்டும் என்றும், மீண்டும் பூக்குந்தோறும் அறுக்கலாம் என்றும் தம் நூலில் குறித்துள்ளார். ஆய்வுக்கூடங்கள் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே உழவர்கள் கண்ணால் கண்டு தெளிந்த உண்மை அது.

செடியின் இயல்பு

குதிரை மசால் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த பல்லாண்டுப் பயிர். ஒருமுறை விதைத்தால் மூன்று நான்கு ஆண்டுகளும், நல்ல நிலமாயின் அதற்கு மேலும் நின்று பயன் தரும். இதன் ஆணிவேர் இரண்டு மூன்று மீட்டர் ஆழம் வரை எளிதாக இறங்கும். மண் இடந்தரின் இன்னும் ஆழத்துக்குச் செல்லும். ஆதலின் மேல்மண் வறண்ட காலத்தும் இது அடிமண்ணின் ஈரத்தைப் பருகி உயிர் வாழும். இதன் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உணவாக்கித் தருகின்றன. புரதத்தின் ஆக்கத்துக்கு நைட்ரஜன் இன்றியமையாதது. எனவே, இப்பயிரின் புரத வளத்துக்கு அந்நுண்ணுயிர்களின் உழைப்பே பெருங்காரணம் எனலாம்.

வேரும் தண்டும் கூடுமிடத்தில், மண்ணை ஒட்டி, பருத்த அடிக்கட்டை ஒன்று உண்டு. அதில் எண்ணற்ற குருத்துகள் உறங்கிக் கிடக்கும். மேலே உள்ள தண்டுகளை அறுத்தவுடன் அக்குருத்துகள் விழித்தெழுந்து புதிய தண்டுகளாக வளரும். ஓராண்டில் பலமுறை அறுத்தும் இப்பயிர் அழியாதிருப்பதன் இரகசியம் இதுவே.

வளர்ச்சிப் பருவங்கள்

மலரின் நிலைகளை அரும்பு, முகை, மலர், அலர், வீ என நுட்பமாகப் பிரித்துப் பெயரிட்டு வழங்கியவர் தமிழர். அதே நுட்பத்துடன் குதிரை மசாலின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பிரித்து எண்ணிட்டவர்கள், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்து அறிஞர்களான கலு, ஃபிக் என்னும் இருவராவர். அவர்கள் தம் முறையை 1981-ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

அம்முறையில் பருவங்கள் 0 முதல் 9 வரை எண்ணப்படும். தண்டு 15 சென்டிமீட்டர் உயரத்துக்குள் இருப்பது 0. 16 முதல் 30 சென்டிமீட்டர் வரை இருப்பது 1. அதற்கு மேல் ஓங்கி, அரும்பு தோன்றாமல் நிற்பது 2. இவை மூன்றும் தழைப் பருவங்கள். ஒன்றிரண்டு கணுக்களில் அரும்பு தோன்றினால் 3. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட கணுக்களில் தோன்றினால் 4. இவை அரும்புப் பருவங்கள். ஒரு கணுவில் மலர் விரிந்தால் 5. பல கணுக்களில் விரிந்தால் 6. இவை மலர்ப் பருவங்கள். பச்சைக் காய்கள் சிலவாகத் தோன்றுவது 7, பலவாவது 8, காய்கள் பழுப்பு நிறமெய்தி முற்றுவது 9. குதிரை மசாலின் காய் நத்தையின் ஓடுபோல் சுருண்டிருப்பது காண்பதற்கு இனியது.

ஒரே வயலில் எல்லாத் தண்டுகளும் ஒரே பருவத்தில் நிற்பதில்லை. அடிக்கட்டையிலிருந்து முன்னெழுந்த தண்டு பூத்திருக்க, பின்னெழுந்தது தழைத்துக்கொண்டிருக்கும். ஆகவே, வயலின் சில இடங்களில் தண்டுகளை அறுத்தெடுத்து, ஒவ்வொன்றின் பருவத்தையும் கண்டு, அவற்றின் சராசரியைக் கணக்கிடுவர். அச்சராசரியே வயலின் பருவமாகும்.

சத்துக் குறைவதன் காரணம்

பருவம் ஏற ஏறத் தீவனத்தின் தரம் இறங்குகிறது. அரும்புப் பருவத்தில் உலர்ந்த தழையின் எடையில் ஏறத்தாழ 20 விழுக்காடு புரதம் இருக்கும். பூக்கத் தொடங்கும்போது அது 18 விழுக்காட்டளவாகவும், முழுதும் பூத்த நிலையில் 15 விழுக்காட்டளவாகவும் குறையும். நார்ப்பொருளோ அதற்கு மாறாக ஏறிக்கொண்டே செல்லும்.

இலையின் சத்துப் பருவத்தால் பெரிதும் மாறுவதில்லை என்பது இங்கே உணரத்தக்கது. மாறுவது தண்டே. தண்டு நீளுந்தோறும் நிமிர்ந்து நிற்பதற்கு வலிமை தேடுகிறது. அவ்வலிமையைத் தருவது லிக்னின் என்னும் பொருள். மரத்துக்கு வைரத்தைத் தருவதும் இதுவே. பசுவின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் நார்ப்பொருளைச் சிதைத்து உணவாக்க வல்லன. ஆனால் லிக்னினைச் சிதைக்க அவற்றால் இயலாது. அது தான் செரிமானத்துக்கு உட்படாததோடு, தன்னைச் சார்ந்த நாரையும் செரிக்கவிடாமல் காத்து நிற்கிறது. அத்தகைய தீவனம் இரைப்பையில் நெடுநேரம் தங்கும். வயிறு நிறைந்திருப்பதால் பசு மேலும் உண்பதில்லை. உண்டதிலிருந்தும் போதிய ஆற்றல் கிடைப்பதில்லை. எனவே, பால் குறைகிறது.

மேலும், இளமையில் செடியின் எடையில் பாதிக்கு மேல் இலையாக இருக்கும். முதிர முதிரத் தண்டின் பங்கு மிகும். அடியிலுள்ள இலைகளும் நிழலால் பழுத்து உதிரும். பயிரின் புரதத்தில் பெரும்பகுதி இலையிலேயே உள்ளது. ஆதலின் இலை குறையப் புரதமும் குறைதல் இயல்பே.

இதனை ஒரு கணக்கால் தெளியலாம். அரும்புப் பருவத்தில் அறுத்த ஒரு பாத்தியில் 100 கிலோகிராம் உலர்தீவனம் கிடைத்தது எனக் கொள்க. புரதம் 20 விழுக்காடாயின், கிடைத்த புரதம் 20 கிலோகிராம். அதே பாத்தியை முழுதும் பூத்த பின் அறுத்து 130 கிலோகிராம் பெற்றதாகக் கொண்டால், 15 விழுக்காட்டளவில் அதிலுள்ள புரதம் 19½ கிலோகிராமே. வண்டியில் ஏறிய பாரம் மிகுந்தது. பசுவுக்குக் கிடைத்த புரதமோ சிறிதும் மிகவில்லை. காத்திருந்து பெற்றது தண்டு மட்டுமே.

வேரின் சேமிப்பு

அங்ஙனமாயின், இளந்தழையாக இருக்கும்போதே அடிக்கடி அறுத்துவிடலாம் அன்றோ? அதுவும் கூடாது. அறுத்தவுடன் செடிக்கு இலையில்லை. இலையின்றி உணவு ஆக்க இயலாது. அப்போது அது வேரிலும் அடிக்கட்டையிலும் சேமித்து வைத்த மாவுப்பொருளையும் சர்க்கரையையும் செலவிட்டே புதுத் தண்டுகளை எழுப்புகிறது. தண்டு 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரம் வளரும் வரை அச்சேமிப்புக் குறைந்துகொண்டே செல்லும். அதன் பிறகே புதிய இலைகள் ஆக்கும் உணவில் ஒரு பகுதி வேருக்குத் திரும்பும். பூக்கும் காலத்தில்தான் களஞ்சியம் மீண்டும் நிறைகிறது.

இந்நிலையில், களஞ்சியம் நிறையுமுன் மீண்டும் மீண்டும் அறுத்தால் செடி கடன்பட்ட குடும்பம்போல் நலியும். தண்டுகள் மெலியும், களைகள் ஓங்கும், குளிர்மிக்க நாடுகளில் பனிக்காலத்தைத் தாங்காமல் செடி மடியும். மற்றோர் இடரும் உண்டு. மிக இளைய பசுந்தழையைப் பசு வெறும்வயிற்றில் மிகுதியாக மேய்ந்தால், எளிதில் கரையும் புரதத்தால் இரைப்பையில் நுரை திரண்டு, வாயு வெளியேற வழியின்றி வயிறு உப்பும். உடனே கவனியாவிடின் உயிருக்கே கேடு நேரும்.

ஆகவே, பசுவின் நலம் முன்னே இழுக்கிறது. செடியின் நலம் பின்னே இழுக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே உழவன் நாளைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். உயர்ந்த தரம் வேண்டுவோர் அரும்புப் பருவத்திலும், செடியின் நெடுவாழ்வையும் விளைச்சலையும் கருதுவோர் பத்தில் ஒரு பங்குத் தண்டுகள் பூத்த நிலையிலும் அறுப்பர். தமிழ்நாட்டில் நீர்ப்பாசனம் உள்ள நிலங்களில் கோ 1 முதலிய வகைகள் பயிரிடப்படுகின்றன. விதைத்த 75 முதல் 80 நாள்களில் முதல் அறுவடையும், பின்னர் 25 முதல் 30 நாள்களுக்கு ஒருமுறை அடுத்த அறுவடைகளும் செய்வது இங்குள்ள முறை. வெப்பம் மிகுந்தால் பருவம் விரைந்து ஏறும்; குளிர்ந்தால் மெல்ல ஏறும். எனவே, நாளை மட்டும் எண்ணாது செடியையும் நோக்க வேண்டும்.

கிரிம் என்னும் உழவர்

இப்பயிரின் திருந்திய வகைகள் தோன்றிய வரலாற்றில் முதற்கண் வைத்து எண்ணத்தக்கவர், கல்லூரி காணாத ஓர் எளிய உழவர். அவர் பெயர் வெண்டலின் கிரிம். ஜெர்மனியின் பாடன் நாட்டில் பிறந்த அவர், 1857-ஆம் ஆண்டில் மனைவி மக்களுடன் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் குடியேறினார். ஊரை விட்டு வந்தபோது அவர் கொண்டுவந்த பொருள்களுள் ஒன்று, சிறு பையிலிட்ட குதிரை மசால் விதை. தம் நாட்டு வழக்கப்படி அதனை அவர் 'என்றுமுள்ள தழை' என்று அழைத்தார்.

மின்னசோட்டாவின் குளிர் கொடியது. அவர் விதைத்த செடிகளுள் பெரும்பாலானவை பனிக்காலத்தில் மடிந்தன. வேறொருவராயின் இந்நிலத்துக்கு இப்பயிர் ஏலாது என்று கைவிட்டிருப்பர். கிரிம் கைவிடவில்லை. எஞ்சி நின்ற சில செடிகளின் விதைகளைத் திரட்டி, மறுபடியும் விதைத்தார். மீண்டும் பல மடிந்தன. மீண்டும் சில பிழைத்தன. பிழைத்தவற்றின் விதையையே ஆண்டுதோறும் விதைத்துவந்தார். ஆண்டுகள் செல்லச் செல்ல, மடிபவை குறைந்தன, நிற்பவை மிகுந்தன. இறுதியில் அவர் வயலில் நின்றது, அக்குளிரை வெல்லும் புதியதோர் இனம். தானியமின்றியே அவருடைய மாடுகள் கொழுத்திருப்பதைக் கண்டு அயலார் வியந்தனர் என்பர்.

கிரிம் 1890-ஆம் ஆண்டில் காலமானார். அவர் ஆற்றிய பணியின் பெருமையை அறிஞர் உலகம் அதன் பின்னரே அறிந்தது. லைமன் என்பவர் அவ்வினத்தின் சிறப்பை மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்து வில்லட் ஹேஸ் என்னும் அறிஞருக்கு எடுத்துரைத்தார். ஆய்வுகளும் அதனை உறுதி செய்தன. பின்னர் 'கிரிம்' என்ற பெயராலேயே அது வட அமெரிக்காவின் குளிர்நாடுகளெங்கும் பரவியது. 1924-ஆம் ஆண்டில் அவருடைய பண்ணை நிலத்தில் நினைவுக்கல் ஒன்று நாட்டப்பட்டது.

புதிய பகைகளும் புதிய வகைகளும்

குளிரை வென்ற கிரிம் வகையை வேறொரு பகை தாக்கிற்று. பாக்டீரியா வாடல் நோய் என்னும் அது, செடியைக் குறுகச் செய்து, இலையை மஞ்சளாக்கி, வேரின் உள்ளிடத்தைப் பழுப்பாக்கி, இரண்டு மூன்று ஆண்டுகளில் வயலையே வெறுமையாக்கிற்று. அந்நோயையும் குளிரையும் ஒருங்கே தாங்கும் 'வெர்னல்' என்னும் வகையை விஸ்கான்சின் அறிஞர்கள் 1953-இல் வெளியிட்டனர். அடுத்த ஆண்டே, அமெரிக்காவின் தென்மேற்கிலுள்ள நியூ மெக்சிகோவில் புள்ளி அசுவினி என்னும் சாறுறிஞ்சிப் பூச்சி தோன்றி விரைந்து பரவியது. அழிந்த வயல்களில் ஆங்காங்கே பசுமை மாறாது நின்ற செடிகளைத் தேடி எடுத்து, அவற்றின் வழியாகவே 'மோவப்பா' என்னும் வகையை உருவாக்கி 1957-இல் வெளியிட்டனர். கிரிம் தம் வயலில் செய்த வேலையும் இதுவேயன்றோ? பலவற்றை அழித்த இடரில் பிழைத்து நின்ற சிலவற்றைப் போற்றிப் பெருக்குவதே பயிர்த் தேர்வின் அடிப்படை.

இலையும் தண்டும் நோயின்றி நிற்க வழி கண்ட பின், அறிஞர் கருத்துத் தரத்தின்மேல் சென்றது. குதிரை மசாலின் இலை இயல்பாக மூன்று சிற்றிலைகளை உடையது. ஐந்து, ஏழு சிற்றிலைகளை உடைய வகைகள் தெரிந்தெடுக்கப்பட்டன. எனினும், சிற்றிலைகளின் எண்ணிக்கை மிகுந்ததனாலேயே தீவனம் சிறந்துவிட்டது என்று கூற இயலாது. மொத்த எடையில் இலையின் பங்கு மிகுந்ததா என்பதே பார்க்கத்தக்கது.

லிக்னின் குறைந்த வகைகள் அண்மைக்காலத்து ஆக்கம். தெரிந்தெடுக்கும் பழைய முறையாலும், மரபணு மாற்றம் என்னும் புதிய முறையாலும் அவை உருவாக்கப்பட்டுள்ளன. மரபணு மாற்றிய வகை ஒன்றுக்கு அமெரிக்க வேளாண்மைத் துறை 2014-இல் இசைவளித்தது. ஒரு வாரமோ அதற்குச் சற்று மிகுதியாகவோ தாமதித்து அறுத்தாலும் இத்தகைய வகையில் தரம் பெரிதும் குறையாது என்று இதனை உருவாக்கியோர் கூறுகின்றனர். அது மெய்ப்படுமாயின், பசுவின் நலத்துக்கும் செடியின் நலத்துக்கும் இடையேயுள்ள பிணக்கு ஓரளவு தணியும். ஆயினும், தேனீக்கள் மகரந்தத்தைத் தொலைவுக்கு எடுத்துச் செல்வன. ஆதலின், மாற்றப்பட்ட மரபணு பிறர் வயல்களிலும் கலந்துவிடும் என்று அஞ்சுவோரும் உளர்.

தரத்தை அளக்கும் கோல்

வயலில் நிற்கும் பயிரின் தரத்தை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பாமலே மதிப்பிட இயலுமா? இயலும் எனக் காட்டினர் விஸ்கான்சின் அறிஞர்களான ஹின்ட்சும் ஆல்பிரெக்ட்டும். வயலின் ஒரு சிறு பகுதியில் மிக உயர்ந்த தண்டின் உயரத்தையும், மிக முதிர்ந்த தண்டின் பருவத்தையும் கண்டால் போதும். நார்ப்பொருளின் அளவை ஏறத்தாழக் கணித்துவிடலாம். 1991-இல் வெளிவந்த அவர்களுடைய முறையைப் பின்பற்றி, அளவு குறித்த கோல்கள் செய்யப்பட்டன. உழவர் அக்கோலைச் செடியின் அருகே நிறுத்தி, அறுக்கும் நாளை முடிவு செய்வர்.

உரிய நாளில் அறுத்தாலும் வேலை முடிந்துவிடுவதில்லை. பச்சைத் தழையின் எடையில் முக்காற்பங்குக்கு மேல் நீரே. அதனை உலர்த்தி, ஈரம் ஐந்தில் ஒரு பங்குக்கு மிகாதபடி செய்த பிறகே கட்டி அடுக்க வேண்டும். ஈரத்துடன் அடுக்கினால் பூசணம் பிடிக்கும். உள்ளே வெப்பம் மிகுந்து, சில வேளைகளில் போர் தானே தீப்பற்றுவதும் உண்டு. மிகக் காய்ந்த பின் புரட்டினாலோ, இலைகள் நொறுங்கி மண்ணில் உதிரும். இலை உதிர்ந்தால் புரதமும் உதிர்ந்ததாகும். ஆதலின், காலையில் பனியீரம் சிறிதிருக்கும்போதே தழையைப் புரட்டுவது அறிவுடையோர் வழக்கம்.

வகை சிறந்ததாக இருக்கலாம்; நிலமும் வளமுடையதாக இருக்கலாம். ஆயினும், அரும்பு தோன்றும் நாளில் வயலுக்குச் சென்று கணுவை உற்று நோக்காதவனுக்கு அச்சிறப்பு முழுதும் கைகூடாது. கிரிம் பிழைத்த செடிகளைக் கண்டுகொண்டது கண்ணால். பிளினி காலத்து உழவர் அறுக்கும் நாளை அறிந்ததும் கண்ணால். அறிவியல் அந்நோக்கத்துக்கு எண்ணும் அளவும் தந்து கூர்மையாக்கியுள்ளது. அதனைப் பயன்கொண்டு, பசுவுக்கும் செடிக்கும் ஒருங்கே நலந்தரும் நாளைத் தேர்வதே தீவனம் வளர்ப்போரின் கடமையாகும்.

பயிற்சி

1. குதிரை மசாலின் வளர்ச்சிப் பருவங்கள் எவ்வாறு எண்ணப்படுகின்றன?
2. செடி முதிரும்போது தீவனத்தின் தரம் குறைவதற்குரிய காரணங்களை விளக்குக.
3. 'பசுவின் நலம் முன்னே இழுக்கிறது; செடியின் நலம் பின்னே இழுக்கிறது' – இக்கூற்றை ஆராய்க.
4. கிரிம் குளிரைத் தாங்கும் இனத்தை உருவாக்கிய முறையையும், 'மோவப்பா' வகை தோன்றிய முறையையும் ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதுக.
5. ஒரு பாத்தியில் 17 விழுக்காடு புரதமுள்ள உலர்தீவனம் 120 கிலோகிராம் கிடைத்தது. அதிலுள்ள புரதத்தின் எடை யாது?